வேதப்புத்தகமும் கீமோ அட்டையும்

பயாப்சி முடிவில் புற்றுநோய் என்று வந்த அன்றே கிறிஸ்தவக் குடும்பத்தில் இரண்டு போன் போகும். ஒன்று, நல்ல டாக்டர் யாரென்று தெரிந்த உறவினருக்கு. இன்னொன்று, சபைப் போதகருக்கோ பங்குத்தந்தைக்கோ. இரண்டுமே தேவைதான். இந்த இரண்டு பக்கத்திலிருந்தும் வரும் பேச்சு ஒன்றுக்கொன்று முரண்படும்போதுதான் நோயாளி நிலைகுலைந்து போகிறார்.

மருந்தை மறுக்காத மரபு

ஜெபத்தையும் மருந்தையும் எதிரெதிரே நிறுத்துவது நம் ஊர்ச் சபைகளின் பழைய வழக்கமே அல்ல. 1922, 1924 எவரெஸ்ட் பயணங்களில் பங்கெடுத்த அறுவை மருத்துவர் ஹோவர்ட் சாமர்வெல், முதல் பயணம் முடிந்து இந்தியாவைச் சுற்றி வந்தபோது நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியின் கூட்டத்தைக் கண்டார். லண்டனில் அமையவிருந்த வாழ்வை விட்டுவிட்டு அங்கேயே வேலைக்கு வந்தார். வெற்றிலையும் புகையிலையும் மெல்லும் அந்தப் பகுதியில் வாய்ப்புற்று நோயாளிகள் அவரைத் தேடி வந்தபடி இருந்தார்கள். 1900இல் ஐடா ஸ்கடர் மிகச் சிறிய அளவில் தொடங்கிய வேலூர் சி.எம்.சி.யில் நோயாளிகளைப் பார்த்து ஜெபிக்கவென்றே ஆயர்கள் உண்டு. வேதத்திலேயும் அப்படித்தான். எசேக்கியா ராஜாவின் ஜெபம் கேட்கப்பட்ட பிறகும், புண்ணின்மேல் அத்திப்பழ அடையை வைக்கச் சொல்கிறார் ஏசாயா.

இரவு இரண்டு மணிக்கு

கீமோ ஏற்றும் நாட்களில் வாந்தி வராமலிருக்க டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு தருவார்கள். அது தூக்கத்தைக் கெடுக்கும். வீடே தூங்கும் நேரத்தில் நோயாளி மட்டும் விழித்திருப்பார். அடுத்த ஸ்கேன் பயமும் அப்போதுதான் வரும். மனப்பாடமான சங்கீதமோ ஜெபமாலையோ கைகொடுப்பது அந்த வேளையில்தான். புதிதாக எதையும் யோசிக்க வேண்டாம், வாய் தானாகச் சொல்லும்.

இதில் உடலுக்கும் ஒரு பங்கு உண்டு. 2001இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த இத்தாலிய ஆய்வொன்றில், லத்தீனில் ஜெபமாலை சொன்னவர்களின் மூச்சு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஆறாகத் தணிந்தது. பௌத்த மந்திரம் ஒன்றைச் சொன்னபோதும் அதே பலன். அந்த ஆய்வில் இருந்தவர்கள் ஆரோக்கியமானவர்கள். புற்று குறைந்ததாக யாரும் சொல்லவில்லை. முகம் தெரியாதவர்கள் ஜெபித்தால் இதய அறுவைக்குப் பின் சிக்கல் குறைகிறதா என்று அமெரிக்காவில் 1,802 பேரிடம் சோதித்து 2006இல் முடிவு வெளியிட்டார்கள். குறையவில்லை. என்னைக் கேட்டால், கடவுளைச் சோதனைக் கூடத்தில் நிறுத்தியதே வேண்டாத வேலை. ஜெபம் நோயாளிக்குத் தருவது தெம்பு. கட்டியைக் கரைக்கும் பொறுப்பை மருந்திடம் விட்டுவிடலாம்.

“விசுவாசம் போதவில்லை”

இதைவிடக் கொடிய வார்த்தை ஒன்றை நோயாளியிடம் சொல்ல முடியாது. சுகமளிக்கும் கூட்டத்தில் கைவைத்து ஜெபித்தும் மறுபடி கட்டி தெரிந்தால், குற்றம் நோயாளியின் தலையில் விழுகிறது. எங்கேயோ பாவம் இருக்கிறது, சந்தேகப்பட்டுவிட்டாய் என்கிறார்கள். கடவுள் தண்டிக்கிறார், கைவிட்டுவிட்டார் என்ற எண்ணத்தில் சிக்கியவர்களுக்கு மன உளைச்சல் கூடுகிறது, வாழ்க்கைத் தரம் குறைகிறது. அமெரிக்க உளவியலாளர் கென்னத் பார்கமென்ட் போன்றவர்கள் ஆராய்ந்து சொன்னது இது. ஒரே விசுவாசம், தாங்கவும் செய்யும், நொறுக்கவும் செய்யும்.

கோபமாகக் கடவுளிடம் கேட்பது அவிசுவாசம் ஆகாது. 88ஆம் சங்கீதம் ஆறுதல் ஏதுமின்றி இருளிலேயே முடிகிறது. அதையும் வேதத்தில் வைத்துத்தானே இருக்கிறார்கள். யோபுவின் நண்பர்கள் முதல் ஏழு நாள் வாய் திறக்காமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை சரியாகத்தான் செய்தார்கள்.

மாத்திரையை நிறுத்துவதுதான் விசுவாசத்தின் அடையாளம் என்று எவர் சொன்னாலும், எந்த மேடையில் நின்று சொன்னாலும், கேட்காதீர்கள். முதல் கட்டத்தில் குணமாகக்கூடிய மார்புப்புற்று, சில மாதத் தாமதத்தில் கைமீறிப் போகலாம்.

எண்ணெய், உபவாசம், கூட்டம்

போதகர்களும் உறவினர்களும் அறிந்திருக்க வேண்டிய சில விஷயங்கள் உண்டு. ‘கரண்ட்’ எனப்படும் கதிர்வீச்சு சிகிச்சை வைக்கும் இடத்தில் ஜெப எண்ணெய் பூசக் கூடாது. அங்கே தோல் ஏற்கெனவே வெந்திருக்கும், மையால் போட்ட குறியும் அழிந்துவிடும். நெற்றியிலும் கையிலும் பூசினால் போதும். கத்தோலிக்கத் திருச்சபையும் நோயில்பூசுதலை நெற்றியிலும் கைகளிலும்தான் செய்கிறது. அது சாகும் தறுவாயில் இருப்பவர்களுக்கு மட்டுமே என்ற பயமும் வேண்டாம். கடும் நோய் கண்ட எவரும் பெறலாம்.

கீமோ ஏற்றி ஏழு முதல் பதினான்கு நாட்களுக்குள் பெரும்பாலும் வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கும். அந்த நாட்களில் வீட்டு ஜெபக் கூட்டத்துக்கு முப்பது பேர் வந்து தலையில் கைவைப்பது ஆபத்து. இருவர் வரட்டும், கை கழுவி, மாஸ்க் போட்டுக்கொண்டு. நற்கருணையை எல்லாரும் குடிக்கும் கிண்ணத்தில் எடுக்காமல் தனிக் கிண்ணத்தில் கேட்டுப் பெறலாம். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் ஜெபித்துவிட்டுப் போகலாம் என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். ஜெபத்தை ஆட்டோவில் வைத்துக்கொள்ளலாம்.

உபவாசத்தை வீட்டில் மற்றவர்கள் இருக்கட்டும். எடை குறைந்தால் கீமோவைத் தாங்கும் சக்தியும் குறையும். தவக்காலத்திலும் நோயாளிக்கு முட்டையும் மீனும் வேண்டும்.

வலியைப் பற்றி

லண்டனில் 1967இல் செயின்ட் கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ், ஆழ்ந்த கிறிஸ்தவர். நோயாளியின் வலியில் உடல், மனம், குடும்பம், ஆன்மா நான்கும் கலந்திருக்கின்றன என்றவர் அவர். மார்ஃபினை வேளை தவறாமல் தரச் சொன்னவரும் அவரேதான். வலியைச் சிலுவையாகச் சுமப்பேன் என்று மருந்தை ஒதுக்குபவர்களை நம் வீடுகளில் பார்க்கலாம். மார்ஃபின் போட்டால் தூங்கிவிடுவேன், ஜெபிக்க முடியாது என்ற பயமும் சிலருக்கு உண்டு. டாக்டர் சொன்ன அளவில் எடுத்தால் அந்தத் தூக்கக் கலக்கம் பெரும்பாலும் சில நாட்களில் தெளிந்துவிடும். மலச்சிக்கல்தான் நீடிக்கும், அதற்கும் கூடவே மருந்து கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.