மடிக்கணினிக்குள் எந்த டேப்பை ஒட்டலாம்?

மடிக்கணினியின் அடிமூடியைக் கழற்றும்போது திருகுகளை எல்லாரும் பத்திரப்படுத்துவோம். ஒரு கிண்ணத்தில் போட்டு எண்ணியும் வைப்போம். அவற்றோடு உரிந்து வரும் சிறு சிறு ஒட்டுநாடாக்களை, அதாவது டேப்புகளை, கசக்கி எறிந்துவிடுவோம். வேலை முடிந்து மூடியைத் திரும்பப் பூட்டும்போதுதான் அந்த இடங்கள் வெறுமையாக இருப்பது கண்ணில் படும். உடனே கை, மேசை இழுப்பறையில் கிடக்கும் டேப்பைத் தேடும்.

மஸ்ஜித் இந்தியா பக்கம் போனால் டேப்புக்குப் பஞ்சமே இல்லை. பொட்டலம் ஒட்ட ஒன்று, துணியின் ஓரத்தை மடித்து ஒட்ட ஒன்று, மின்கம்பியில் சுற்ற ஒன்று. எல்லாமே ஒட்டும். மடிக்கணினிக்குள் இருக்கும் டேப்புகளுக்கோ ஒட்டுவதோடு வேறு வேலையும் உண்டு. ஒன்று மின்சாரத்தைத் தடுக்கிறது, இன்னொன்று கடத்துகிறது. இவை இடம் மாறினால் குறுக்குச்சுற்று ஏற்பட்டுக் கணினியே பாழாகலாம். ஆகவே கடைக்குக் கிளம்பும் முன் ஒரு கேள்விக்கு விடை தெரிந்திருக்க வேண்டும்: கழன்று வந்த டேப் என்ன வேலை செய்துகொண்டிருந்தது?

டேப் எப்படி ஒட்டுகிறது?

டேப்பில் பூசிய பசைக்குத் திரவத்தின் தன்மையும் திடப்பொருளின் தன்மையும் சேர்ந்தே இருக்கின்றன. விரலால் அழுத்தினால் அது திரவம்போல் மெல்லப் பரவி, நம் கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளங்களை நிரப்புகிறது. பசையின் மூலக்கூறுகளும் பரப்பின் மூலக்கூறுகளும் மிக நெருங்கி வரும்போது, வான்டெர்வால்ஸ் விசை அவற்றைப் பிணைக்கிறது. பிய்க்க முயன்றால் அதே பசை திடப்பொருள்போல் எதிர்த்து நிற்கிறது.

அமெரிக்காவின் 3எம் நிறுவனத்தில் பணியாற்றிய ரிச்சர்ட் ட்ரூ, கார்களுக்குச் சாயம் பூசுவோருக்காக 1925இல் ஒரு டேப்பை உருவாக்கினார். 1930இல் அவருடைய செலோபேன் டேப் விற்பனைக்கு வந்தது. அக்கால டேப் பசைகளுக்கு இயற்கை ரப்பரே அடிப்படை. அந்த ரப்பரை உலகச் சந்தைக்கு மிகுதியாக அனுப்பிய நாடுகளில் முதன்மையானது மலாயா. 1877இல் கோலகங்சாரில் நடப்பட்ட கன்றுகள் பின்னாளில் பெருந்தோட்டங்களாக விரிந்தன. அங்கே விடியுமுன் எழுந்து பால்மரம் சீவியவர்களில் நம் முன்னோர் ஏராளம்.

ரப்பர் பசைக்கு ஒரு குறை உண்டு. அதன் மூலக்கூறுச் சங்கிலியில் கார்பன் இரட்டைப் பிணைப்புகள் இருக்கின்றன. வெப்பம் கூடும்போது காற்றிலுள்ள ஆக்சிஜன் அந்த இடங்களைத் தாக்கும். பசை முதலில் பிசுபிசுக்கும். பின்னர் மஞ்சளாகிக் காய்ந்துபோகும். பழைய புத்தகங்களில் ஒட்டிய டேப்பைப் பார்த்திருப்பீர்கள். அக்ரிலிக் பசையின் சங்கிலியில் அத்தகைய இரட்டைப் பிணைப்புகள் இல்லாததால் அது வெப்பத்தை நெடுநாள் தாங்கும். எனவே சூடேறும் கணினிக்குள் ரப்பர் பசையைவிட அக்ரிலிக் பசையே ஏற்றது.

நிறத்தைப் பார்த்து வேலையை அறியலாம்

பொன்னிற டேப்: இது பாலிமைடு என்னும் நெகிழியால் ஆனது. டுபாண்ட் நிறுவனம் சூட்டிய காப்டன் என்ற பெயரே பலருக்குப் பழக்கம். நிலவில் இறங்கிய அப்போலோ கலத்தின் வெப்பக் காப்பிலும் இதைப் பயன்படுத்தினார்கள். இதன் படலம் ஏறக்குறைய 400 பாகை செல்சியஸ் வரை தாங்கும். பசை அதைவிடக் குறைவாகவே தாங்கும். நீங்கள் தொடக்கப்பள்ளியில் படித்த அரிதில் கடத்திக்கு இது நல்ல எடுத்துக்காட்டு. இதற்குப் பதில் வீட்டு மின்கம்பிகளில் சுற்றும் கறுப்பு பிவிசி டேப்பை ஒட்டக்கூடாது. அது தடிமனானது, சூட்டில் நழுவிப் பிசுபிசுக்கும்.

கறுப்புத் துணி டேப்: மெல்லிய கம்பிகள் அசையாமலும் உராய்ந்து தேயாமலும் பார்த்துக்கொள்வது இதன் வேலை. அசிட்டேட் துணி டேப் என்று கேட்டு வாங்குங்கள்.

வெள்ளி அல்லது செம்பு நிற டேப்: இது மின்சாரத்தைக் கடத்தும் உலோகத் தகடு. மின்காந்த அலைகள் பக்கத்துப் பாகங்களுக்கு இடையூறு செய்யாதபடி வேலி போடுகிறது. இருந்த இடத்திலேயே, இருந்த அளவிலேயே இதை மீண்டும் ஒட்ட வேண்டும். ஒரு மில்லிமீட்டர் விலகி அருகிலுள்ள மின்முனையைத் தொட்டாலும் ஆபத்து. பசையும் மின்சாரத்தைக் கடத்தும் வகையா என்று கேளுங்கள். சாதாரணத் தகடு டேப்பின் பசை கடத்தாது.

இருபக்க டேப்: திரையின் சட்டத்தைப் பிடித்து நிற்பது இது. இங்கே தடிமன்தான் முக்கியம். எழுதுபொருள் கடையில் கிடைக்கும் நுரை டேப் 1 மில்லிமீட்டர் அல்லது அதற்கும் மேல் தடிமன் கொண்டது. அதை ஒட்டினால் சட்டம் மூடாது. அழுத்தி மூடினால் திரை விரிசல் விடலாம். டெசா 4965 போன்ற படல டேப்பின் தடிமன் ஏறக்குறைய 0.2 மில்லிமீட்டர் மட்டுமே. துணிக்கான டேப் இழைகளைப் பிடிப்பதற்காகச் செய்யப்பட்டது. வழுவழுப்பான நெகிழிக்கு அது பொருந்தாது.

இழுத்தால் விடும் டேப்: சில மடிக்கணினிகளில் மின்கலனுக்கு அடியில் இது இருக்கும். நுனியைப் பிடித்து, பரப்பை ஒட்டினாற்போல மெதுவாக இழுக்க வேண்டும். நீளம் கூடக்கூடத் தடிமன் குறைந்து, பசை தானாகவே பிடியை விட்டுவிடும். மேல்நோக்கி இழுத்தால் அறுந்துவிடும். அறுந்தால் திருகாணிக் கருவியால் நெம்பாதீர்கள். லித்தியம் மின்கலனில் துளை விழுந்தால் தீப்பற்றும். மின்கலன் உப்பியிருந்தால் கணினியை அணைத்து, மின்னேற்றுவதையும் நிறுத்தி, பழுது பார்ப்பவரிடம் ஒப்படையுங்கள். மின்கலன் வேலை எதையும் பெரியவர் துணையின்றிச் செய்ய வேண்டாம்.

எங்கே தேடலாம்?

முதலில் பழைய டேப் இருந்த இடத்தைக் கைப்பேசியில் படம் எடுங்கள். அகலத்தையும் தடிமனையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். கழற்றிய துண்டின் இரு முனைகளிலும் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால், அது கடத்தியா அரிதில் கடத்தியா என்பது தெரிந்துவிடும்.

மஸ்ஜித் இந்தியா கடைகளில் கிடைக்காவிட்டால், மஸ்ஜித் ஜாமெக் நிலையத்தில் எல்ஆர்டி ஏறுங்கள். மூன்றாவது நிறுத்தம் புடு. அங்கிருந்து நடக்கும் தூரத்தில் உள்ள ஜாலான் பாசார், மின்னணுப் பாகங்களுக்குப் பெயர் பெற்றது. புடுவுக்கு முந்திய ஹங் துவா நிலையத்தில் இறங்கி மோனோரயிலில் இம்பிக்குப் போனால், கணினிக் கடைகள் நிறைந்த லோயாட் பிளாசா பக்கத்தில்தான். எந்தக் கடையானாலும் கேட்க வேண்டியவை நான்கு: எந்தப் படலம், எந்தப் பசை, எவ்வளவு தடிமன், எவ்வளவு வெப்பம் தாங்கும்?

ஒட்டுவதற்கு முன்

விரலில் உள்ள எண்ணெய்ப் பசையே டேப்பின் முதல் எதிரி. கணினியை அணைத்து, மின்கலன் இணைப்பையும் துண்டித்த பிறகு, ஐசோபுரோப்பில் ஆல்கஹால் நனைத்த துணியால் பரப்பைத் துடைத்து, நன்றாக உலரவிடுங்கள். அது எளிதில் தீப்பற்றும். அருகில் நெருப்பு கூடாது. நகச்சாயம் நீக்கும் அசிட்டோன் வேண்டாம். அது நெகிழி மூடியைக் கரைத்துவிடும். ஒட்டிய பின் சீராக அழுத்துங்கள். அக்ரிலிக் பசை முழு வலிமை பெற 72 மணி நேரம் வரை ஆகலாம்.

இதைப் பள்ளியிலேயே சோதித்துப் பார்க்கலாம். இரண்டு கண்ணாடித் துண்டுகளில் ஒன்றைத் துடையுங்கள்; மற்றொன்றை விரலால் தடவுங்கள். இரண்டிலும் ஒரே நீள டேப்பை ஒட்டி, ஒரே எடையைத் தொங்கவிடுங்கள். எது முதலில் விழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

2022இல் மட்டும் உலகில் 6 கோடியே 20 லட்சம் டன் மின்னணுக் குப்பை சேர்ந்தது. அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது கால் பங்குக்கும் குறைவு. பயனரே மின்கலனை எளிதில் கழற்றி மாற்றும்படி கருவிகள் அமைய வேண்டும் என்ற ஐரோப்பிய ஒன்றிய விதிக்கு 2027 பிப்ரவரி 18 தொடக்க நாளாகக் குறிக்கப்பட்டுள்ளது. பசை எப்படி ஒட்ட வேண்டும் என்பதோடு எப்படி விட வேண்டும் என்பதும் இனி வடிவமைப்பாளர்களின் கவலை. நம் கையில் இருப்பது சிறிய வேலைதான். அடுத்த முறை அடிமூடியைத் திறக்கும்போது, உரிந்து வரும் டேப்பையும் திருகுகளோடு சேர்த்து அந்தக் கிண்ணத்திலேயே போட்டு வையுங்கள்.