டீசல் பொறிக்கான எரிபொருள், குளிர்விப்பு நீர்மம், எண்ணெய்

டீசல் பொறி சீராக இயங்க எரிபொருள், குளிர்விப்பு நீர்மம், மசகு எண்ணெய் ஆகிய மூன்று நீர்மங்கள் தேவைப்படுகின்றன. எரிபொருள் ஆற்றலைத் தருகிறது. கூலன்ட் என வழங்கப்படும் குளிர்விப்பு நீர்மம் மிகை வெப்பத்தை அகற்றுகிறது. மசகு எண்ணெய் உராய்வைக் குறைத்து, உள்ளே சேரும் புகைக்கரியையும் அமிலங்களையும் தாங்கிக்கொள்கிறது. இவற்றுள் எரிபொருளின் தரத்தைச் சுத்திகரிப்பு ஆலையும் எண்ணெயின் தரத்தைப் பொறி உற்பத்தியாளரும் பெரும்பாலும் வரையறுத்துவிடுகின்றனர். குளிர்விப்பு நீர்மத்தில் கலக்கும் நீரை மட்டும் பொறியை இயக்குபவரே தேர்ந்தெடுக்கிறார். நிலத்தடி நீர் உப்பேறிய இடங்களில் இத்தேர்வே பொறியின் ஆயுளை முடிவுசெய்கிறது. தமிழ்நாட்டின் வேலூர்–ஆம்பூர் தோல் தொழிற் பகுதி இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டாகும்.

வேலூர்–ஆம்பூர் பகுதியில் டீசல் பொறிகள்

பாலாற்றை ஒட்டி அமைந்துள்ள வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை ஆகியன தோல் பதனிடுதலுக்கும் காலணி உற்பத்திக்கும் பெயர் பெற்றவை. இவை யாவும் முன்னர் வேலூர் மாவட்டத்தில் இருந்தன. 2019 ஆம் ஆண்டில் அம்மாவட்டம் வேலூர், திருப்பத்தூர், ராணிப்பேட்டை என மூன்றாகப் பிரிக்கப்பட்டது.

தோல் பதனிடும் தொழிலில் மின்தடை பெரும் இழப்பை உண்டாக்கக் கூடியது. தோல்களும் வேதிப்பொருள்களும் இட்டுச் சுழற்றப்படும் டிரம்கள் நடுவில் நின்றுவிட்டால் தோலில் வேதிப்பொருள் சீராக ஏறாது. கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களில் காற்றூட்டும் கருவிகள் நின்றால் நுண்ணுயிர்கள் பாதிக்கப்படும். எனவே ஆலைகள் டீசல் மின்னாக்கிகளை, அதாவது ஜெனரேட்டர்களை, வைத்துள்ளன. 2008 முதல் 2014 வரை தமிழ்நாட்டில் நிலவிய கடும் மின்வெட்டுக் காலத்தில் இவற்றின் தேவை மிகுதியாக இருந்தது.

நீரில் உப்பு சேர்ந்த வரலாறு

பச்சைத் தோல் அழுகாமலிருக்க அதன்மீது சமையல் உப்பு தூவப்படுகிறது. ஆலையில் தோலை ஊறவைக்கும்போது அவ்வுப்பு நீரில் கரைந்து கழிவுநீராக வெளியேறுகிறது. நுண்ணுயிர்களைக் கொண்டு செய்யப்படும் சாதாரணச் சுத்திகரிப்பு, கரிமப் பொருள்களைச் சிதைக்குமேயன்றி உப்பை நீக்காது. பல ஆண்டுகள் இவ்வாறு வெளியேறிய உப்பு மண்ணிலும் கிணறுகளிலும் சேர்ந்தது. குரோமியமும் இப்பகுதி மாசின் மற்றொரு கூறாகும்.

இது தொடர்பாக வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடர்ந்த வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் 1996 ஆகத்து 28 அன்று தீர்ப்பளித்தது. தோல் ஆலைப் பகுதிகளில் ஏறத்தாழ 35,000 எக்டேர் வேளாண் நிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிரிடத் தகுதியற்றதாகிவிட்டது என்னும் ஆய்வு முடிவை அத்தீர்ப்பு குறிப்பிடுகிறது. மாசுபடுத்தியவரே ஈடு செலுத்த வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் நிலைநிறுத்திய தீர்ப்புகளுள் இதுவும் ஒன்று. 2025 சனவரி 30 அன்று அதே நீதிமன்றம் இப்பகுதியின் மாசு குறித்து மீண்டும் ஒரு தீர்ப்பை வழங்கியது. வேளாண்மையையும் குடிநீரையும் கெடுத்த அதே உப்பு, பொறியின் குளிர்விப்பு அமைப்பையும் கெடுக்கிறது.

குளிர்விப்பு நீர்மம்

நீர் வெப்பத்தை நன்கு கடத்தும். ஆயினும் தனி நீர் இரும்பையும் அலுமினியத்தையும் அரிக்கும். எனவே நீருடன் எத்திலீன் கிளைக்காலும் அரிப்புத் தடுப்பிகளும் சேர்க்கப்படுகின்றன. குளிர்நாடுகளில் நீர் உறைவதைத் தடுப்பது கிளைக்காலின் முதன்மைப் பயனாகும். வேலூரில் நீர் உறைவதில்லை என்பதால் கூலன்ட் தேவையில்லை என்று கருதுவது தவறு. கோடையில் 40 பாகை செல்சியசைத் தாண்டும் இப்பகுதியில் கொதிநிலையை உயர்த்துவதும் அரிப்பைத் தடுப்பதும் அதன் பயன்களாகும். நீரும் கிளைக்காலும் சம அளவில் கலந்த கலவை, இயல்பான வளியழுத்தத்தில் ஏறத்தாழ 107 பாகையில் கொதிக்கிறது. அழுத்த மூடி உள்ள ரேடியேட்டரில் கொதிநிலை மேலும் உயரும். அதேவேளை கிளைக்கால் நீரைவிடக் குறைந்த வெப்பத்தையே ஏற்கும். ஆகையால் உற்பத்தியாளர் கூறும் விகிதத்துக்கு மேல் அதைச் சேர்ப்பது தீங்காகும்.

கலக்கும் நீருக்குப் பொறி உற்பத்தியாளர்கள் பரவலாகக் கூறும் மேல் வரம்புகளும், இந்தியக் குடிநீர்த் தரமான ஐஎஸ் 10500 கூறும் வரம்புகளும் கீழே ஒப்பிடப்பட்டுள்ளன. அளவுகள் யாவும் ஒரு லிட்டருக்கு மில்லிகிராமில் உள்ளன. குடிநீருக்கான இரண்டாம் எண், வேறு நீர் கிடைக்காதபோது அனுமதிக்கப்படும் அளவாகும்.

- குளோரைடு: பொறிக்கு 40, குடிநீருக்கு 250, 1000
- சல்பேட்டு: பொறிக்கு 100, குடிநீருக்கு 200, 400
- மொத்தக் கடினத்தன்மை: பொறிக்கு 170, குடிநீருக்கு 200, 600
- கரைந்துள்ள மொத்தத் திண்மங்கள்: பொறிக்கு 340, குடிநீருக்கு 500, 2000

குடிக்கத் தகுந்த நீரும் பொறிக்குத் தகாததாக இருக்கலாம் என்பது இவ்வொப்பீட்டால் விளங்கும். உப்பேறிய கிணற்று நீரோ அறவே பொருந்தாது. குளோரைடு, உலோகத்தின் மேலுள்ள காப்புப் படலத்தைத் துளைத்துக் குழிகளை உண்டாக்குகிறது. கால்சியம், மக்னீசியம் உப்புகள் சூடான பரப்பில் படிந்து வெப்பம் வெளியேறுவதைத் தடுக்கின்றன. இதனால் சிலிண்டர் தலை வெடிக்கவோ கேசுகட் கெடவோ நேரிடும்.

நீர் குறையும்போதெல்லாம் குழாய் நீரை ஊற்றும் பழக்கம் இத்தீங்கை மிகுவிக்கிறது. ஆவியாவது நீர் மட்டுமே. உப்பு உள்ளேயே தங்கிவிடுகிறது. ஒவ்வொரு முறை நிரப்பும்போதும் புதிய உப்பு சேர்வதால் அதன் செறிவு ஏறிக்கொண்டே போகிறது. எனவே கனிமம் நீக்கிய நீரையோ வாலைவடிநீரையோ பயன்படுத்த வேண்டும். எதிர்ச் சவ்வூடு பரவல் முறையில், அதாவது ஆர்.ஓ. முறையில், பெறப்படும் நீரைச் சோதித்து, மேற்கண்ட வரம்புகளுக்குள் இருப்பின் பயன்படுத்தலாம். முன்னரே கலந்து விற்கப்படும் கூலன்ட்டுக்கு நீர் சேர்க்க வேண்டியதில்லை.

பெரிய பொறிகளில் சிலிண்டர் லைனரின் வெளிப்புறம் நேரடியாகக் குளிர்விப்பு நீர்மத்தில் நனைகிறது. லைனர் அதிரும்போது அதன் பரப்பில் நுண்குமிழிகள் தோன்றி உடைகின்றன. அவ்வதிர்ச்சி நாளடைவில் லைனரைத் துளைத்துவிடும். இதைத் தடுக்க நைட்ரைட்டு போன்ற சேர்க்கைகள் உதவுகின்றன. அவை காலப்போக்கில் குறைவதால் சோதனைத் தாள் கொண்டு அவ்வப்போது அளவிட வேண்டும். வெவ்வேறு வகைக் கூலன்ட்டுகளை ஒன்றாகக் கலத்தல் கூடாது. நிறம் ஒன்றாக இருப்பது வகை ஒன்று என்பதற்குச் சான்றாகாது.

முற்காலத்தில் தொடர்வண்டி, கப்பல் பொறிகளின் குளிர்விப்பு நீரில் குரோமேட்டு உப்புகள் அரிப்புத் தடுப்பியாகச் சேர்க்கப்பட்டன. ஆறு இணைதிறன் குரோமியம் புற்றுநோயை உண்டாக்குவதால் அப்பழக்கம் கைவிடப்பட்டது. ராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட்டு ஆலை ஒன்றின் கழிவுக் குவியல், அதே வேதிப்பொருளின் தீங்கை இப்பகுதியினருக்கு நினைவூட்டுகிறது.

எரிபொருள்

டீசல், அழுத்தத்தால் சூடான காற்றில் தானே தீப்பற்றுகிறது. தீப்பற்றும் எளிமை சீட்டேன் எண்ணால் குறிக்கப்படுகிறது. இந்தியாவில் பாரத் நிலை-6 டீசலுக்கு இது குறைந்தது 51 ஆக இருத்தல் வேண்டும். கந்தகத்தின் அளவு படிப்படியாகக் குறைக்கப்பட்டு வந்துள்ளது. ஒரு கிலோகிராம் டீசலில் பாரத் நிலை-3 இல் 350 மில்லிகிராமும், நிலை-4 இல் 50 மில்லிகிராமும், 2020 ஏப்பிரல் 1 முதல் நாடெங்கும் நடைமுறையிலுள்ள நிலை-6 இல் 10 மில்லிகிராமும் கந்தகத்தின் மேல் வரம்பாகும்.

டீசலில் மண்ணெண்ணெய் கலந்தால் அதன் பாகுநிலையும் வழவழப்பும் குறைந்து, எரிபொருள் பாய்ச்சும் பம்பு தேய்கிறது. எப்போதாவது இயங்கும் மின்னாக்கிகளில் தேக்கிவைத்தலே பெரும் சிக்கலாகும். தொட்டியில் நீர் சேர்ந்தால் நீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர்கள் வளர்ந்து வடிகட்டியை அடைத்துவிடும். எனவே தொட்டியின் அடியில் தேங்கும் நீரை வடித்து நீக்க வேண்டும். துத்தநாகம் பூசிய தொட்டிகளைத் தவிர்க்க வேண்டும். துத்தநாகம் டீசலுடன் வினைபுரிந்து வடிகட்டியை அடைக்கும் பொருள்களை உண்டாக்குகிறது.

மசகு எண்ணெய்

எஸ்ஏஇ 15டபிள்யூ-40 என்னும் குறியீட்டில் முதல் எண் குளிரில் எண்ணெயின் ஓட்டத்தையும், இரண்டாம் எண் 100 பாகையில் அதன் பாகுநிலையையும் சுட்டுகின்றன. வேலூர் போன்ற வெப்பப் பகுதிகளில் இரண்டாம் எண்ணே முதன்மையானது. பாகுநிலையைப் போலவே தரநிலையும் இன்றியமையாதது. அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனத்தின் தரநிலைகளுள் சிஐ-4 2002 இலும், சிகே-4 2016 இலும் அறிமுகமாயின. சிகே-4 எண்ணெயில் சல்பேட்டுச் சாம்பல் 1 விழுக்காட்டுக்கு மிகக் கூடாது. புகைக்கரி வடிகட்டி பொருத்திய பொறிகளில் சாம்பல் மிகுந்த பழைய வகை எண்ணெயை ஊற்றினால் அவ்வடிகட்டி அடைபடும்.

எண்ணெய் மாற்றும் காலம் இயங்கிய மணிக்கணக்கால் அளக்கப்படுகிறது. எனினும் குறைவாக இயங்கும் மின்னாக்கியிலும் உற்பத்தியாளர் கூறும் மாதக் கெடுவுக்குள் எண்ணெயை மாற்ற வேண்டும். எண்ணெய் பால் போல வெளுத்திருந்தால் நீர் கலந்துள்ளது என்று பொருள். அந்நிலையில் எண்ணெயை மாற்றுவதுடன் நில்லாமல் கசிவின் மூலத்தைக் கண்டறிதல் வேண்டும்.

நான்காவது நீர்மம்

800 கிலோவாட்டு வரையிலான மின்னாக்கிகளுக்கு 2023 சூலை 1 முதல் புதிய உமிழ்வு வரம்புகள் நடைமுறைக்கு வந்தன. இவற்றை நிறைவுசெய்யப் பல புதிய மின்னாக்கிகளில் 32.5 விழுக்காடு யூரியா கொண்ட கரைசல் தேவைப்படுகிறது. இதிலும் நீரின் தூய்மையே முதன்மையானது. உர யூரியாவைக் கிணற்று நீரில் கரைத்து ஊற்றினால் வினையூக்கி கெட்டுவிடும்.

கழிவு அகற்றல்

எத்திலீன் கிளைக்கால் இனிப்புச் சுவையுள்ள நஞ்சாகும். பயன்படுத்திய எண்ணெய் இந்தியச் சட்டப்படி தீங்கான கழிவாகும். ஏற்பு பெற்ற மறுசுழற்சியாளரிடமே அதை ஒப்படைக்க வேண்டும். இவற்றைச் சாக்கடையிலோ நிலத்திலோ ஊற்றினால், ஏற்கெனவே உப்பேறிய நிலத்தடி நீர் மேலும் மாசுறும்.

இவற்றையும் பார்க்க

- டீசல் பொறி
- தோல் பதனிடுதல்
- பாலாறு
- நீரின் கடினத்தன்மை