கொசு ஊசி வரையும் ஒளிப்பாதை

ஜாங்கிரி பிழியும் மாஸ்டரின் கையைப் பார்த்திருப்பீர்கள். துணியை அழுத்திக்கொண்டே கை சுழல, மாவு கோடாக விழுந்து அப்படியே வெந்துவிடும். ஜப்பானின் கெயோ பல்கலைக்கழகத்தில் தக்காக்கி இஷிகுரேயின் குழு செய்வதும் ஏறக்குறைய இதுதான். இங்கே எண்ணெய்க்குப் பதில் ஒரு திரவ பிளாஸ்டிக், மாவுக்குப் பதில் இன்னொன்று. மெல்லிய ஊசியை உள்ளே இறக்கிக் கோடு இழுத்துவிட்டுப் புற ஊதா ஒளியைக் காட்டினால், இரண்டும் இறுகிவிடும். ‘கொசு முறை’ என்று பெயர்!

அந்தக் கோடுதான் ஒளி ஓடும் பாதை. உள்ளே இருக்கும் பிளாஸ்டிக்கின் ஒளிவிலகல் எண் வெளியே இருப்பதைவிடத் துளி கூடுதல். அந்தத் துளி போதும், ஒளி பாதையை விட்டு விலகாது.

கண்ணாடி இழை இருக்க இது எதற்கு? தரத்தில் பிளாஸ்டிக் பக்கத்திலேயே வர முடியாது. இழையில் ஒரு கிலோமீட்டருக்கு 0.2 டெசிபல்தான் இழப்பு. நல்ல பாலிமர் (பிளாஸ்டிக்) பாதையில் ஒரு சென்டிமீட்டருக்கே 0.05. ஆனால் இந்தப் பாதையைப் போடும் சர்க்யூட் போர்டில் ஒளி போகவேண்டியது அரை மீட்டர். அதற்குள் பாதிக்கு மேல் ஒளி தப்பி மறுமுனைக்கு வந்துவிடுகிறது. தரவு வேகம் கூடக் கூட, அதே தூரத்தில் செம்புக் கம்பிதான் திணறுகிறது; மின்சாரத்தையும் விழுங்குகிறது.

இந்தப் பாதை மலிவு என்றதும் பிளாஸ்டிக்கின் விலைதான் காரணம் என்று நினைக்கிறோம். காசைத் தின்பது உண்மையில் இணைப்பு வேலை. தொலைத்தொடர்பு இழையில் ஒளி ஓடும் நடுப்பகுதி 9 மைக்ரான் அகலம். முனைகள் இம்மியளவு விலகினாலும் ஒளி போச்சு. போர்டில் போடும் பாலிமர் பாதையை 50 மைக்ரான் வரை அகலமாக்கலாம். கை கொஞ்சம் பிசகினாலும் மன்னிக்கும்.

வெப்பம்தான் நெடுநாள் தலைவலி. அக்ரிலிக் 100 டிகிரியைத் தாண்டினாலே இளகும். போர்டில் பாகங்களைப் பற்றவைக்கும் சாலிடர் அடுப்போ 250 டிகிரியைத் தொடும். சூடு தாங்கும் சிலிக்கோன் வகைகளுக்கு ஆய்வாளர்கள் போனது அதனால்தான்.

2024 டிசம்பரில் ஐபிஎம் அறிவித்த ஏற்பாட்டில் பிளாஸ்டிக்குக்கு வேறு வேலை. வழக்கமான இழையின் உடம்பே 125 மைக்ரான் தடிமன். அதைவிட நெருக்கமாக அடுக்க வழியில்லை. பாலிமர் பாதைகளை ஐபிஎம் 50 மைக்ரான் இடைவெளியில் வரிசையாகப் போட்டது. சிப்பின் விளிம்பில் நெருக்கமாகக் கிளம்பும் அவை கொஞ்சம் விரிந்து, கண்ணாடி இழைகளிடம் ஒளியை ஒப்படைக்கின்றன. மைனஸ் 40 முதல் 125 டிகிரி வரை வாட்டிப் பார்த்தும் தாங்கியதாம்.