பெயரும் பெறுமானமும்

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் காலையில், கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை ஆகிய ஊர்களின் கரையோரத்தைக் கடல் கொண்டது. இலங்கையில் மிகுதியான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டமே. எஞ்சியோர் பள்ளிக்கூடங்களிலும் பள்ளிவாசல்களிலும் தஞ்சம் புகுந்தனர். யார் எங்கே இருக்கிறார், யாரைக் காணவில்லை என்பதே அந்நாட்களில் எல்லோருடைய கேள்வியாகவும் இருந்தது. அதற்கு உதவும் பொருட்டு, இலங்கைக் கணினி வல்லுநர் பலர் தொண்டாக ஒன்றுகூடி ஆக்கிய செய்நிரலே 'சஹானா'. நிவாரணம் என்பது அச்சிங்களச் சொல்லின் பொருள். அது பி.எச்.பி. என்னும் இணையக் கணினி மொழியில் எழுதப்பட்டது. 1995இல் ராஸ்மஸ் லெர்டோர்ப் என்பவர் வெளியிட்ட மொழி அது.

அம்மொழியில், நினைவில் வைக்கும் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் உண்டு. அப்பெயரை 'மாறி' என்பர். அதன் முன்னே டாலர்க் குறி நிற்கும். முகாம் ஒன்றில் 120 பேர் உளர் எனக் கொள்வோம்.

$தொகை = 120;

இங்குள்ள சமன் குறி, கணித நூலின் சமன் குறி அன்று. 'வலப்புறத்துள்ள பெறுமானத்தை இடப்புறப் பெயரில் வை' என்னும் கட்டளையே அது. ஆதலால்,

$தொகை = $தொகை + 5;

என்று எழுதுதல் கணிதத்திற் பிழையாயினும், இங்கே முறையானதே. வலப்புறம் முதலிற் கணிக்கப்படும். பின்னர் அப்பெயரில் 125 அமரும்.

இனி, பிரதேச செயலகத்துக்கு அறிக்கை வேண்டும்.

$அறிக்கை = $தொகை;

இது பெறுமானத்தின் பிரதியை மட்டுமே எடுக்கும். அன்று மாலை மேலும் பத்துப் பேர் வந்து, தொகையை 135 என மாற்றினாலும், அறிக்கை 125 ஆகவே நிற்கும். அறிக்கையைப் பார்த்துச் சோறு அனுப்பினால், பத்துப் பேர் பசித்திருப்பர்.

இதனைத் தவிர்க்க வழியுண்டு.

$அறிக்கை = &$தொகை;

இந்த '&' குறி பிரதி எடுப்பதில்லை; இருந்த இடத்துக்கே மற்றொரு பெயரைச் சூட்டுகிறது. ஒரே பிள்ளைக்குப் பதிவுப் பெயர் ஒன்றும், வீட்டில் அழைக்கும் பெயர் ஒன்றும் இருப்பது போன்றது இது. எப்பெயரில் மாற்றம் செய்யினும் அது இரண்டிலும் தோன்றும். நன்மையும் அதுவே, தீமையும் அதுவே. அறிக்கையிற் கைதவறி எழுதிய எண், முகாமின் கணக்கையே மாற்றிவிடும்.

எனவே, நேற்றிரவின் நிலையை மாறாது காக்க வேண்டுமெனில் பிரதி தகும். இந்நேரத்து நிலையே வேண்டுமெனில் இணைப்பெயர் தகும். எண்ணுக்குப் பின்னே மனிதர் இருக்கும்பொழுது, இவ்விரண்டையும் பிரித்தறிதல் சிறு செயலன்று.