ஊருக்கு முதுகு காட்டிய ஹோட்டல்!

சூரிச் ஏரிக்கரைத் தோட்டத்துக்குள் நிற்கிறது 'பௌர் ஓ லாக்'. ஸ்விட்சர்லாந்தின் ஆடம்பர ஹோட்டல்களில் ஒன்று. 1844-ல் இதைத் திறந்த ஜோஹன்னஸ் பௌர், ஆஸ்திரியாவிலிருந்து பிழைப்புத் தேடி வந்த ரொட்டிக்காரர்!

நகரத்தின் நடுவே ஏற்கெனவே ஒரு ஹோட்டல் வைத்திருந்தார். இரண்டாவதைக் கட்டும்போது, முகப்பை ஊர்ப் பக்கம் வைக்காமல் ஏரியையும் ஆல்ப்ஸ் மலையையும் பார்த்து வைத்தார். அந்தக் காலத்தில் அது விசித்திரம். இன்று 'லேக் வியூ' அறை என்றால் கூடுதலாகக் கொடுக்கிறோமே, அந்த ஆசையை அன்றே கணித்த மனிதர்.

1856 அக்டோபர் 22. இசைமேதை லிஸ்ட்டின் பிறந்தநாள். இங்கே அவர் பியானோ வாசிக்க, வாக்னர் தன் 'வால்க்யூர்' இசை நாடகத்தின் முதல் அங்கத்தைத் தானே பாடிக் காட்டினார். அந்த நாடகம் மேடையேறியதோ 1870-ல்தான்!

அதைவிடப் பெரிய கதை 1892-ல் நடந்தது. டைனமைட் கண்டுபிடித்த ஆல்ஃபிரட் நோபல், போர் எதிர்ப்புப் போராளி பெர்த்தா ஃபான் சுட்னரையும் அவர் கணவரையும் இங்கே விருந்தினர்களாக அழைத்தார். ஏரியில் தன் அலுமினியப் படகில் அழைத்துப் போனார். அமைதி மாநாடுகளைவிடத் தன் தொழிற்சாலைகளே போரைச் சீக்கிரம் நிறுத்தும் என்று வாதாடியவர் நோபல். பெர்த்தா விடவில்லை. மூன்றே ஆண்டுகளில் நோபல் எழுதிய உயிலில் அமைதிப் பரிசு இடம்பிடித்தது. 1905-ல் அந்தப் பரிசு பெர்த்தாவுக்கே கிடைத்தது.

இத்தனைக்குப் பிறகும் ஹோட்டல் கைமாறவில்லை. மகள் வழி வாரிசுகளான கிராக்ட் குடும்பத்திடம்தான் இருக்கிறது. பெரிய சங்கிலி நிறுவனங்கள் பழைய ஹோட்டல்களை வாங்கிக் குவிக்கும் காலத்தில் இது லேசுப்பட்ட காரியமில்லை.

குடும்பம் நடத்தும் விடுதிக்கென்று ஒரு குணம் உண்டு. 2015 மே 27 அதிகாலை, ஊழல் வழக்கில் ஃபிஃபா நிர்வாகிகளைக் கைது செய்ய ஸ்விஸ் போலீஸ் இங்கே வந்தது. உலகமே பரபரத்த கைது அது. ஊழியர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? கைதானவர்கள் வெளியே வந்தபோது, அவர்கள் முகம் கேமராவில் விழாதபடி வெள்ளைப் படுக்கை விரிப்புகளை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, போலீஸ் கார் வரை கூடவே நடந்தார்கள்.