கண்ணிற் கண்ட அமிலம்

அமிலம் என்னுஞ் சொல்லைக் கேட்டவுடன் நம்முட் பலர்க்கும் நினைவில் எழுவது, ஆய்வுக்கூடத்துக் குப்பிகளில் அடைபட்டுத் தொட்டாற் சுடும் திராவகமேயாகும். ஆயின், சுடாது ஈரம் புரப்பதும், அரிக்காது உறுப்புகளைக் காப்பதுமாகிய அமிலமொன்று நம் ஒவ்வொருவர் உடலினுள்ளும் உளது. அதுவே ஹயலூரானிக் அமிலம். இந்நாளில் முகக்களிம்புக் குப்பிகள் பலவற்றின்மேல் இப்பெயரைக் காண்கின்றோம். தமிழ் பயிலும் எமக்கு இரசாயன நூலில் என்ன வேலை எனச் சிலர் வினவலாம். ஒரு பெயரின் பொருளை நாடிப் புகுந்தோம். அஃது எம்மை ஒரு கண்ணினிடத்துக் கொண்டு சேர்த்தது.

1934-ஆம் ஆண்டில் நியூயார்க்கு நகரத்துக் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் கார்ல் மேயர், ஜான் பாமர் என்னும் அறிஞர் இருவர், மாட்டின் விழிக்கோளத்துள் நிறைந்துள்ள தெளிந்த கூழினின்றும் இப்பொருளைப் பிரித்தெடுத்தனர். கிரேக்க மொழியில் ‘ஹயலோஸ்’ என்பது கண்ணாடியைக் குறிக்கும். கண்ணாடி போன்ற கூழிற் கிடைத்தமையானும், யூரானிக் அமிலம் என்பதனைத் தன்னுட் கொண்டமையானும் அவர்கள் இப்பெயரை இட்டனர்.

இருநிறப் பூக்களை மாறிமாறித் தொடுத்த நெடிய மாலை போல, சர்க்கரை இனத்தைச் சேர்ந்த இரண்டு மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் ஒன்றன்பின் ஒன்றாய் இணைந்து நிற்பதே இதன் அமைப்பு. இம்மாலை சுருண்டு கிடந்து தன் இடைவெளிகளில் மிகுந்த நீரைத் தாங்கிக்கொள்ளும். எழுபது கிலோ எடையுள்ள ஒருவர் உடலில் இஃது ஏறக்குறைய 15 கிராமே உளது. அதனுள்ளும் மூன்றிலொரு பங்கு நாள்தோறும் சிதைந்து புதிதாய்த் தோன்றுகின்றது. ஏறத்தாழப் பாதி தோலிலும், எஞ்சியது மூட்டுகளின் நெய்ப்பு நீர், கண் முதலிய இடங்களிலும் உள்ளன.

மருத்துவத்தில் இதன் தலையாய பயன், இது முதன்முதற் காணப்பட்ட கண்ணிலேயே விளங்கிற்று. ஹங்கேரி நாட்டிற் பிறந்த எந்திரே பலாஷ் என்னும் அறிஞர், சேவற்கொண்டையினின்று இதனை மிகத் தூயதாய்ப் பிரித்தெடுக்கும் முறையைக் கண்டார். 1980-ஆம் ஆண்டினை ஒட்டி அது கண் அறுவைக்குப் பயன்படலாயிற்று. புரை நீக்குதற்குக் கண்ணைக் கீறியவுடன் உள்ளிருக்கும் நீர் வெளியேற, முன்னறை தளர்ந்து சுருங்கும். கருவிழியின் உட்புறத்தே ஓரடுக்காய்ப் பரந்துள்ள உயிரணுக்களோ, ஒருமுறை அழியின் மீண்டும் வளர்வன அல்ல. இக்கூழை உட்செலுத்தின், அறை விரிந்து நிற்கும்; கருவிகள் படாதவாறு அவ்வணுக்களும் காக்கப்படும். தொழில் முடிந்தபின், கண்ணின் அழுத்தம் ஏறாதிருக்க, மருத்துவர் இதனை வெளியே எடுத்துவிடுவர். வந்த காரியம் முடிந்ததும் விடைபெறும் நல்ல துணைவனைப் போன்றது இது. கண் வறட்சிக்குரிய சொட்டு மருந்துகளிலும் இது சேர்கின்றது. இக்காலத்தில் நுண்கிருமிகளை வளர்த்து, நொதித்தல் முறையாலும் இதனைப் பெருவாரியாய் ஆக்குகின்றனர்.

தேய்ந்த முழங்கால் மூட்டினுள் இதனை ஊசியாற் செலுத்தும் முறையை அமெரிக்க அரசு 1997-இல் ஏற்றது. ஆயின், பல ஆய்வுகளை ஒருங்கு தொகுத்துப் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் 2022-இல் வெளியான கட்டுரை, இதனால் நோவு குறையும் அளவு மிகச் சிறிதே எனக் காட்டிற்று. கண்ணிற் பெற்ற வெற்றியை மூட்டிலும் இது பெற்றதென்று கூறுதற்கில்லை.

இனி அழகுத்துறையை நோக்குவோம். களிம்பாய்ப் பூசும்போது இதன் பெரிய மூலக்கூறுகள் தோலினுள் ஆழச் செல்லா. மேற்புறத்தே நீரைத் தாங்கித் தோலை மென்மையாக்கும். இது மெய்யான நன்மையே. ஆயின் பூசுதலை விடின் நன்மையும் விடும். சுருக்கங்களை நிரப்ப விரும்புவோர்க்குத் தோலின்கீழ் ஊசியாற் செலுத்துகின்றனர். இயல்பான அமிலம் சில நாட்களிற் கரைந்துபோமாகலின், அதன் இழைகளைக் குறுக்கே பிணைத்துத் திங்கள் பல நிலைக்கச் செய்கின்றனர். 2003-ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்க அரசு இத்தகைய கூழொன்றனை ஏற்றது. வேண்டாவெனின், ஹயலூரானிடேஸ் என்னும் நொதியைச் செலுத்திக் கரைத்தலும் கூடும்.

இவ்விடத்தே ஒன்றனை அழுத்திக் கூறல் எம் கடனாகும். முகத்தின் நாடிகள் கண்ணின் நாடிகளோடு தொடர்புடையன. தவறி ஒரு நாடியினுள் இக்கூழ் புகின், அழுத்தத்தாற் பின்னோக்கிச் சென்று விழித்திரைக்குரிய குருதியைத் தடுத்துவிடும். அங்ஙனம் இழந்த பார்வை பெரும்பாலும் மீள்வதில்லை. 2015-ஆம் ஆண்டில் அமெரிக்க உணவு மருந்துத் துறை இத்தீங்கினைக் குறித்து மருத்துவரையும் மக்களையும் எச்சரித்தது. உதட்டிலும் முகத்திலும் கூழைப் பீய்ச்சுதற்கு மக்கள் தாமே வாங்கிய ஊசியில்லாக் கருவிகளையும் 2021-இல் வேண்டாவெனத் தடுத்துரைத்தது.

கண்ணிற் கண்டெடுத்து, கண்ணைக் காக்கப் பயன்பட்ட பொருளே, கைதவறின் கண்ணைப் பறிக்கவும் வல்லதாயிற்று. பொருள் ஒன்றே, செலுத்தும் கையும், செல்லும் இடமும், நாடும் நோக்கமுமே வேறு. அழகை விரும்புதல் குற்றமென யாம் கூறவில்லை. குப்பியின்மேல் எழுதிய பெயரை மட்டும் நம்பாது, யார் கையால், எவ்விடத்தில், எதற்காக என்னும் மூன்றனையும் வினவியறிந்த பின்னரே நம் முகத்தை ஒப்புவித்தல் வேண்டும் என்பதே எம் வேண்டுகோள்.