ராயபுரத்தில் வெண்பனி பெய்யுமா?

டிசம்பர் பிறந்ததும் ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் வீடுகளில் காகித நட்சத்திரங்கள் தொங்கத் தொடங்கிவிடும். கிறிஸ்துமஸ் குடிலின் கூரைமேல் பஞ்சைப் பிய்த்துப் பரப்பி, அதைப் பனி என்கிறோம். உண்மையான வெண்பனி நம் வீட்டுக் கூரைமேல் விழுமா? மாணவ நண்பர்களே, கணக்குப் போட்டே விடை காணலாம், வாருங்கள்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவாக்கிக் கொள்வோம். தமிழில் 'பனி' என்பது பலவற்றைக் குறிக்கும். மார்கழி விடியலில் புல் நுனியில் நிற்பது பனித்துளி, அது நீர்தான். உதகையில் டிசம்பர், ஜனவரி இரவுகளில் புல்வெளி வெளுப்பது உறைபனியால். காற்றிலுள்ள நீராவி குளிர்ந்த புல்லின்மேல் நேரே பனிக்கட்டியாகப் படிகிறது. மேகத்துக்குள் படிகமாகப் பிறந்து வானிலிருந்து உதிர்வதே வெண்பனி.

உறைபனிக்கு மேகமற்ற இரவு வேண்டும். அப்போதுதான் தரையின் வெப்பம் தடையின்றி வெளியேறும். வெண்பனிக்கோ மேகம் வேண்டும். அந்த மேகமோ போர்வைபோல் வெப்பத்தைத் தடுத்துவிடும். அதனால்தான் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையில்கூட உறைபனி உண்டு, வெண்பனி பொழிவதில்லை.

வெண்பனி உருகாமல் தரையைத் தொட வேண்டுமானால், தரையருகே காற்றின் வெப்பநிலை 0 பாகை சென்டிகிரேடை ஒட்டியிருக்க வேண்டும். நுங்கம்பாக்கம் வானிலை நிலையத்தில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 13.9 பாகை. 1895 டிசம்பர் 11 அன்றும், 1905 ஜனவரி 29 அன்றும் அவ்வளவு குளிர்ந்தது. ஏன் அதற்கும் கீழே இறங்கவில்லை? வடக்கேயிருந்து வரும் கடுங்குளிர் காற்றை இமயமலை தடுத்துவிடுகிறது. நம்மை வந்தடையும் வடகிழக்குக் காற்றோ வங்கக் கடலைக் கடந்து வருகிறது. டிசம்பரிலும் அக்கடலின் மேற்பரப்பு சுமார் 26 பாகை வெப்பத்தில் இருக்கும்.

ஆகவே, பெய்யாது என்பதே விடை. ஆனால் அத்துடன் நின்றுவிடாதீர்கள். தலைக்கு மேலே என்ன நடக்கிறது?

ஒரு கிலோமீட்டர் உயரம் கூடினால் வெப்பநிலை சராசரியாக 6 பாகை குறையும். தரையில் 27 பாகை என்று வைத்துக்கொண்டு, 27-ஐ 6-ஆல் வகுத்துப் பாருங்கள். ஏறத்தாழ நாலரைக் கிலோமீட்டர் உயரத்தில் 0 பாகை வந்துவிடும்! ராயபுரத்திலிருந்து டோல்கேட் வரையுள்ள தூரத்தைச் செங்குத்தாக நிமிர்த்தினால் கிட்டத்தட்ட அந்த உயரம்தான். பூமத்திய ரேகைக்கு அருகிலுள்ள கிளிமஞ்சாரோ மலையின் 5,895 மீட்டர் உச்சியில் பனிக்கட்டி இருப்பதும் இதனால்தான்.

பெரிய மழை மேகங்கள் இந்த எல்லையைத் தாண்டி, பத்துக் கிலோமீட்டருக்கு மேலும் வளர்பவை. அவற்றின் மேற்பகுதியில் பனிப்படிகங்கள், சுற்றியுள்ள நுண்துளிகளிலிருந்து வெளியேறும் நீராவியைக் கவர்ந்து பெருக்கின்றன. 1930-களில் இதை விளக்கியவர் ஸ்வீடன் நாட்டு அறிஞர் டோர் பெர்கெரான். கனத்த படிகங்கள் கீழிறங்கும்போது வெதுவெதுப்பான காற்றில் உருகி மழைத்துளிகளாகின்றன. உயரம் குறைந்த மேகங்களில் மட்டும், படிகமின்றியே துளிகள் மோதிச் சேர்ந்து மழையாகும்.

2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் வடசென்னைத் தெருக்களை மூழ்கடித்ததே, அந்த வெள்ளத்திலும் வானில் வெண்பனியாக இருந்த நீர் உண்டு. வெண்பனியை நமக்கு மறுக்கும் அதே வெப்பக் கடல்தான், வடகிழக்குப் பருவமழைக்கு நீராவி தந்து புழல் ஏரியையும் நிரப்புகிறது.

அடுத்த டிசம்பரில் கனமழை பெய்யும்போது கையை நீட்டிப் பாருங்கள். உள்ளங்கையில் விழும் துளி, சிறிது நேரத்துக்கு முன் ராயபுரத்துக்கு மேலே வெண்பனியாக இருந்திருக்கலாம்!